வகுப்பு நோட்ஸ் பாடநூல் ஆன கதை: காவிரியில் போன ஓலையும் ஸ்ரீரங்கத்து வாத்தியார்களும்

1/
இன்று சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எதுவும் கிடையாது. ஒரு வரலாற்று இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க, கடைசியில் ஒரு வேலையும் தரப்போறேன்.

சில வாரங்களுக்கு முன் புதிதாகச் சேர்ந்த ஹவுஸ் சர்ஜன் ஒருவர் வார்டு மூலையில் உட்கார்ந்து ஒரு ஜெராக்ஸ் கட்டைப் படித்துக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் நான் ரவுண்ட்ஸில் பேசியது. என் உதாரணங்கள், என் கிண்டல், எல்லாம் அப்படியே. எழுதியவர் போன பேட்ச் மாணவி ஒருவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2/
கோபம் வந்தது. பாம்புக்கடி பக்கத்தைப் பார்த்ததும் இன்னும் ஏறியது.

பாம்பு கடித்தவருக்கு ரத்தம் உறையுதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. நான் சொன்னது இவ்வளவுதான்: "2 மில்லி ரத்தத்தை கண்ணாடி டெஸ்ட் டியூபில் விடு. 20 நிமிஷம் ஆட்டாதே. அப்புறம் ஒரு தடவை சாய்ச்சுப் பாரு. உறையலைன்னா விஷம் ரத்தத்துல வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

மாணவி அதன் கீழே தானாகச் சேர்த்திருந்தது: "டியூப் புதுசா, உலர்ந்து இருக்கணும். சோப்புத்தூள் போட்டுக் கழுவினதும் பிளாஸ்டிக்கும் கூடாது. விஷம் ஏறாதவர் ரத்தம்கூட அதுல உறையாம நிற்கலாம்."

நான் சொல்லாத வரி. ஆனால் சரியான வரி.

3/
அன்று மாலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது கீழே இரு கரை தொட்டுத் தண்ணீர். அப்போதுதான் சின்ன வயசில் தாத்தா சொன்ன கதை ஞாபகம் வந்தது. இதே ஆற்றில் ஒரு மாணவர் தன் ஆசிரியரின் புத்தகத்தைத் தொலைத்த கதை.

கற்பிக்கும் திறன், பாடநூல் தயாரிப்பு என்றாலே நமக்கு ஒர்க்‌ஷாப்பும் பவர்பாயிண்டும்தான் ஞாபகம் வருது. ஆனால் யார் நோட்ஸ் எழுதலாம், எவ்வளவு எழுதலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்று இந்தத் தீவில் 800 வருஷத்துக்கு முன்னாடியே பெரிய வாதம் நடந்திருக்கு. வாங்க, அங்கே போவோம்.

4/
முதலில் ஒரு விஷயம். இங்கே சொல்லப்போகும் நிகழ்ச்சிகள் வைணவ குருபரம்பரை நூல்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருபவை. ஆனால் அவற்றில் வரும் நூல்கள் கதை இல்லை. இன்றும் அச்சில் கிடைக்கின்றன. பக்தியோடு படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம். நான் ஒரு வாத்தியாராகப் பார்க்கிறேன்.

பாடம் என்ன? நம்மாழ்வாரின் திருவாய்மொழி. 1102 பாசுரம். ஸ்ரீரங்கத்தில் இதற்கு விளக்கம் சொல்வதுதான் அந்தக் காலத்து உயர்கல்வி. அடிப்படைத் தமிழும் வடமொழியும் முடித்தவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கேட்பார்கள். நம்ம கணக்கில் போஸ்ட் கிராஜுவேட் கோர்ஸ்.

5/
ஆரம்பத்தில் எல்லாம் வாய்ப்பாடம்தான். ஆசிரியர் சொல்வார், மாணவர் கேட்பார். ராமானுஜர் காலத்தில்தான் இதை எழுதி வைக்கணும் என்ற முடிவு வருகிறது. (அவர் காலம் மரபுக் கணக்கில் 1017 முதல் 1137.) அவர் தானே எழுதவில்லை. திருக்குருகைப்பிரான் பிள்ளான் என்ற சீடரிடம் பொறுப்பைக் கொடுத்தார். அப்படி வந்ததுதான் ஆறாயிரப்படி.

அது என்ன "படி"? அந்தக் காலத்து வேர்ட் கவுண்ட். மெய்யெழுத்துகளைத் தள்ளிவிட்டு 32 எழுத்து எண்ணினால் ஒரு படி. 6000 படி என்றால் 1,92,000 எழுத்து. புத்தகத்தின் பெயரே அதன் நீளம்தான்! படியெடுக்கும்போது யாராவது இடையில் விட்டுவிட்டாலோ செருகிவிட்டாலோ எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம்.

6/
மொழி மணிப்பிரவாளம். தமிழும் சமஸ்கிருதமும் மணியும் பவழமும் மாதிரி கோத்தது. படிக்கச் சிரிப்பா இருக்கும்னு நினைக்காதீங்க. நம்ம வார்டில் பேசுவது என்ன? "பேஷண்டுக்கு ஃபீவர் சப்சைட் ஆயிடுச்சு, ஆன்டிபயாடிக் டேப்பர் பண்ண வேணாம், கோர்ஸ் கம்ப்ளீட் பண்ணிடு." இதுவும் மணிப்பிரவாளம்தான்.

ஆறாயிரப்படியில் பிரச்சினை என்னன்னா, ரொம்பச் சுருக்கம், வடமொழி ரொம்ப ஜாஸ்தி. ஏற்கெனவே தெரிந்தவருக்குப் புரியும், புதுசா வர்றவருக்குப் புரியாது. எல்லாத் துறையிலும் முதல் பாடநூலுக்கு இந்த வியாதி உண்டு. எழுதுபவர் நிபுணர். நிபுணருக்கு எது கஷ்டம் என்பதே மறந்து போயிருக்கும்.

7/
அடுத்த பதிப்பு நஞ்சீயர் எழுதியது. மேல்கோட்டைப் பக்கம் பெரிய வேதாந்த பண்டிதராக இருந்தவர். பராசர பட்டரிடம் வாதில் தோற்று, துறவியாகி, ஸ்ரீரங்கம் வந்து மறுபடி மாணவராக உட்கார்ந்தவர். அவர் எழுதியது ஒன்பதினாயிரப்படி.

கையெழுத்துப் பிரதி தயார். நல்ல எழுத்தில் ஒரு சுத்தப்படி வேணும். அழகாக எழுதுபவர் என்று நம்பூர் வரதராஜன் என்ற இளைஞரைச் சொன்னார்கள். நஞ்சீயர் அவரிடம் ஓலையைச் சும்மா நீட்டிவிடவில்லை. முதலில் நூல் முழுவதையும் ஒரு தடவை அவருக்குப் பாடம் சொன்னார். புரியாமல் படியெடுப்பவர் தப்பாகத்தான் எடுப்பார் என்று அவருக்குத் தெரிந்திருக்கு.

8/
வரதராஜன் தன் ஊரில் உட்கார்ந்து எழுதலாம் என்று ஓலைக்கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நடுவில் காவிரி. ஆழம் கூடின இடத்தில் கட்டைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார். ஒரு அலை வந்தது. கட்டு போயிற்று.

ஒரே பிரதி! ஆசிரியரின் வாழ்நாள் உழைப்பு. ஹார்ட் டிஸ்க் கிராஷ் ஆன பிஎச்டி மாணவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

வீட்டுக்குப் போனார். கேட்டது மனசில் இருந்தது. வெற்று ஓலை எடுத்து முழுவதையும் எழுதினார். எழுதும்போது சில இடங்களில் தனக்குத் தோன்றிய நயமான பொருளையும் சேர்த்துவிட்டார். கொண்டு போய் ஆசிரியர் கையில் கொடுத்தார்.

9/
நஞ்சீயர் படிக்கிறார். நடை தன்னுடையது. ஆனால் சில இடங்களில் தான் எழுதாத விளக்கம் இருக்கு. அதுவும் தன்னுடையதைவிட நல்லா இருக்கு. "என்ன நடந்தது?" என்று கேட்டார். வரதராஜன் பயந்துகொண்டே ஆற்றில் போன கதையைச் சொன்னார்.

நண்பர்களே, இந்த இடத்தில் நின்று யோசிங்க. நீங்கள் பேராசிரியர். மாணவர் உங்கள் ஒரே பிரதியைத் தொலைத்துவிட்டார். அதை மறைத்து வேறொன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். அதில் உங்களைத் திருத்தியும் இருக்கிறார். என்ன செய்வீர்கள்?

நஞ்சீயர் அவரை அணைத்துக்கொண்டு "நம்பிள்ளை" என்றார். நம்முடைய பிள்ளை. வரலாற்றில் அதுவே அவர் பெயராக நின்றது. இன்று நம் கையில் இருக்கும் ஒன்பதினாயிரப்படி, மரபுப்படி பார்த்தால், ஆற்றில் போனது இல்லை. மாணவர் எழுதினது.

பஸ்ஸில் இதை நினைத்தபோது எனக்குக் காது சூடாச்சு.

10/
நம்பிள்ளை அப்புறம் தானே பெரிய ஆசிரியர் ஆனார். வகுப்புக்கு அவ்வளவு கூட்டமாம். இது பெருமாளைச் சேவித்து வரும் கூட்டமா, நம்பிள்ளை வகுப்பு விட்டு வரும் கூட்டமா என்று ஒரு அரசன் கேட்டதாகக் கதை உண்டு.

அப்படி என்ன செய்தார்? அவர் வகுப்பின் பதிவு நம்மிடம் இருப்பதால் பார்த்தே சொல்லலாம். ஒவ்வொரு பாசுரத்துக்கும் முன் "அவதாரிகை" என்று ஒரு முன்னுரை: போன பாட்டில் எங்கே நின்றோம், இப்போது ஏன் இந்தப் பாட்டு வருகிறது. அப்புறம் சொல் சொல்லாகப் பொருள். முன்னோர் இருவர் வேறு வேறாகச் சொல்லியிருந்தால் இரண்டும் வரும். நடுநடுவே "ஐதிஹ்யம்": பட்டரிடம் ஒருவர் இப்படிக் கேட்டார், அவர் இப்படிப் பதில் சொன்னார் என்ற உண்மை நிகழ்ச்சிகள்.

முன்னுரை, விளக்கம், மாற்றுக் கருத்து, கேஸ் ஹிஸ்டரி. ஒரு நல்ல கிளினிக்கல் வகுப்புக்கு இன்றும் இதைவிட என்ன வேணும்?

11/
இப்போ நோட்ஸ் சண்டைக்கு வருவோம். நம்பிள்ளையின் வகுப்பை மூன்று மாணவர்கள் எழுதினார்கள்.

ஒருவர் பெரியவாச்சான் பிள்ளை. ஆசிரியரே சொல்லி எழுதியது. இருபத்துநாலாயிரப்படி, ராமாயணத்தின் அளவு.

மற்ற இருவர் பெயரைப் பாருங்க. வடக்குத் திருவீதிப் பிள்ளை, நடுவில் திருவீதிப் பிள்ளை பட்டர். வடக்குத் தெருக்காரர், நடுத் தெருக்காரர்! நம்ம ஹாஸ்டலில் "தில்லைநகர் செந்தில், உறையூர் செந்தில்" என்று கூப்பிடுவோமே, அதே கதைதான். இந்த இருவரும் கேட்காமல் எழுதினவர்கள்.

12/
நடுத் தெருக்காரர் எழுதியது 1,25,000 படி. எழுத்துக் கணக்கில் 40 லட்சம். ஆசிரியர் சொன்னதில் ஒன்று விடாமல் எழுதி, ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். நம்பிள்ளை அதைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டார் என்கிறது மரபு. இவ்வளவு விரிவா ஏட்டில் இருந்தா இனி யார் வகுப்புக்கு வந்து உட்காருவா என்பது சொல்லப்படும் காரணம்.

வடக்குத் தெருக்காரர் பகலில் கேட்டதை இரவில் உட்கார்ந்து எழுதியவர். 36,000 படி. ஒருநாள் ஆசிரியர் கண்ணில் பட்டுவிட்டது. "ஏன் கேட்காமல் எழுதினாய்?" "மறந்து போகாமல் இருக்க, எனக்காக எழுதினேன்." நம்பிள்ளை படித்துப் பார்த்தார். அளவாக, நன்றாக இருந்தது. அழிக்கவில்லை. ஆனால் வெளியே விடவும் இல்லை. வாங்கி உள்ளே வைத்துவிட்டார். இதுதான் "ஈடு" என்று இன்று புகழ்பெற்ற முப்பத்தாறாயிரப்படி.

13/
கரையான் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு மாணவரின் உழைப்பை அழிக்க எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லைன்னுதான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பயம் எனக்குப் புரியுது. எல்லாம் பிடிஎஃப்பில் இருக்கு என்று நோயாளியின் கட்டில் பக்கமே வராத மாணவர்களை நானும் பார்க்கிறேன். கல்லீரல் வீக்கத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் ஒப்பிப்பார்கள். கையை வைத்து எங்கே தொட்டுப் பார்க்கணும் என்று தெரியாது. நோட்ஸ் வகுப்புக்குத் துணையா, வகுப்புக்குப் பதிலா? இந்தக் கேள்வி 13ஆம் நூற்றாண்டிலும் இருந்தது, இன்றைக்கும் இருக்கு.

14/
பூட்டி வைத்த ஈடு என்ன ஆச்சு? நம்பிள்ளை அதை ஈயுண்ணி மாதவர் என்ற சீடரிடம் கொடுத்தார். அவரிடமிருந்து மகன் பத்மநாபருக்கு. அவரிடமிருந்து நாலூர் பிள்ளைக்கு. அப்புறம் அவர் மகன் நாலூராச்சான் பிள்ளைக்கு. ஓராண்வழி. ஒரு தலைமுறைக்கு ஒருவர்.

மருத்துவர் கண்ணால் பாருங்க. ஒரே ஒரு ரத்தக்குழாய் மட்டும் போகிற உறுப்பு. எங்கேயாவது ஒரு இடத்தில் அடைத்தால் முடிஞ்சது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தால், ஒரு வீட்டில் தீப்பிடித்திருந்தால், தமிழின் மிகப் பெரிய வகுப்புப் பதிவுகளில் ஒன்று இல்லாமலே போயிருக்கும்.

15/
அதே காலத்தில் எதிர்த்திசையில் போன இருவரையும் சொல்லணும்.

ஒருவர் பெரியவாச்சான் பிள்ளை வீட்டுச் சமையல்காரர். முப்பது வயசு தாண்டியும் எழுத்து தெரியாது. பண்டிதர்கள் ஏதோ விவாதிக்கிறார்கள். "என்ன நூல் சாமி பேசறீங்க?" என்று கேட்டார். "முசல கிசலயம்" என்றார்கள். உலக்கைக் கொழுந்து! உலக்கையில் எங்கே கொழுந்து விடும்? உனக்குப் படிப்பு வராது என்பதற்கான கிண்டல். அவர் ஆசிரியரிடம் போய் அழுதார். பெரியவாச்சான் பிள்ளை அவருக்கு எழுத்தில் இருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொடுத்தார்.

அவர்தான் பின்னாளில் வாதிகேசரி அழகிய மணவாள ஜீயர். கிண்டல் செய்தவர்களுக்கு முசல கிசலயம் என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதிக் கொடுத்தாராம். திருவாய்மொழிக்கு அவர் எழுதியது பன்னீராயிரப்படி. சொல்லுக்குச் சொல் பதவுரை. எங்கே தடுக்கும் என்பது தடுக்கி விழுந்தவருக்குத்தானே தெரியும்?

16/
இன்னொருவர் பிள்ளை லோகாசாரியர். நம்ம வடக்குத் தெருக்காரரின் மகன். அப்பாவின் நோட்ஸ் பூட்டிக் கிடக்க, மகன் சின்னச் சின்ன வாக்கியங்களில் கைப்புத்தகங்கள் எழுதினார். மொத்தம் 18. பெரிய நூல்களைப் படிக்க வசதியில்லாத பெண்களுக்கும் எளியவர்களுக்கும் புரியணும் என்பதே நோக்கம் என்று பின்வந்த உரைகாரர்கள் சொல்கிறார்கள். ரகசியம் என்று காதோடு காதாகச் சொல்லப்பட்டதை ஓலையில் எழுதி வெளியே வைத்தவர்.

17/
வருஷம் 1323. டெல்லி சுல்தானியப் படை உலூக் கான் தலைமையில் ஸ்ரீரங்கத்துக்கு வந்தது. வயதான பிள்ளை லோகாசாரியர் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் உயிர் விட்டார்.

அதே நாட்களில் இன்னொரு வகுப்பு நோட்ஸும் ஊரை விட்டுத் தப்பியது. சுருதப்பிரகாசிகை. பெயரிலேயே இருக்கு பாருங்க, "சுருதம்" என்றால் கேட்டது. காஞ்சியில் நடாதூர் அம்மாள் என்ற ஆசிரியர் ஸ்ரீபாஷ்யத்துக்குச் சொன்ன பாடத்தைக் கேட்டு சுதர்சன சூரி எழுதியது.

(அம்மாள் என்பது அவர் பெயர், ஆண்தான். இந்த மாணவர் வந்தால்தான் வகுப்பைத் தொடங்குவாராம். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருநாள் எல்லார் முன்னாலும் பழைய பாடத்தைக் கேட்டார். மற்றவர்கள் விழிக்க, இவர் மட்டும் அப்படியே சொன்னார்.)

18/
படை வந்தபோது சுதர்சன சூரி தன் இரு பிள்ளைகளையும் இந்த ஓலைகளையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்தார். தேசிகர் அவர்களோடு பிணங்களுக்கு நடுவே படுத்துக் கிடந்து தப்பினார், பிறகு கர்நாடகப் பக்கம் போய் அதையே பாடம் சொன்னார் என்பது மரபு.

உயிருக்கு ஓடும்போது ஒருவர் கையில் பிள்ளைகளும் நோட்ஸும். இரண்டையும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்து மூர்த்தி திரும்பி வந்தது 1371இல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு! ஆசிரியர்கள் சிதறிப்போனார்கள். ஓலைகள் செல்லரித்தன. படிப்பு அறுந்து போகும் நிலை.

19/
இங்கேதான் மணவாள மாமுனிகள் வருகிறார். பிறந்தது 1370, ஆழ்வார்திருநகரியில். இவருடைய ஆசிரியர் திருவாய்மொழிப் பிள்ளை, மதுரையில் அரசுப் பொறுப்பில் இருந்தவர். அவரைத் திரும்பப் படிப்புக்குக் கொண்டுவருவதுதான் பிள்ளை லோகாசாரியரின் கடைசிக் கவலையாம். அவர்தான் நாலூராச்சான் பிள்ளையிடம் ஈட்டைக் கேட்டு வாங்கியவர். அவரிடமிருந்து மாமுனிகளுக்கு. அதோடு ஓராண்வழி முடிஞ்சது.

ஸ்ரீரங்கம் வந்த மாமுனிகள் சிதிலமான ஓலைகளைத் தேடிச் சேர்த்தார். தானே உட்கார்ந்து படியெடுத்தார். அப்புறம் கோயிலுக்குள்ளேயே, எல்லாரும் கேட்க, ஈடு முழுவதையும் பாடம் சொன்னார். ஒரு வருஷம் நடந்தது. அதற்காக உற்சவங்களையே நிறுத்தி வைத்தார்கள் என்பார்கள். கடைசி நாள் அரங்கனே சிறுவனாக வந்து ஆசிரியருக்கு வணக்கப் பாட்டுச் சொன்னார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. எனக்கு அதில் பிடித்தது, கடவுளை மாணவர் வரிசையில் உட்கார வைத்த துணிச்சல்.

20/
மாமுனிகள் வாத்தியாராகச் செய்த இரண்டு காரியம் முக்கியம்.

ஒன்று, ஈடு முழுக்க நம்பிள்ளை போகிற போக்கில் சொன்ன மேற்கோள்கள். வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும், 150 வருஷம் கழித்துப் படிப்பவருக்கு? மாமுனிகள் ஒவ்வொன்றும் எந்த நூலில் இருந்து வந்தது என்று தேடித் தொகுத்தார். பெயர் ஈடு பிரமாணத் திரட்டு. சோர்ஸ் லிஸ்ட்!

இரண்டு, திருவாய்மொழி நூற்றந்தாதி. 100 பதிகத்துக்கு 100 வெண்பா. பதிகத்துக்கு ஒரு வெண்பாவாகச் சாரம். ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம் என்பதால் வரிசை மறக்காது. நாங்கள் மண்டை நரம்பு 12க்கும் ஒரு வாக்கியம் வைத்து மனப்பாடம் செய்வோமே, அதன் மூத்த அக்கா.

21/
வகுப்புப் பேச்சு பாடநூல் ஆனது இங்கே மட்டும் இல்லை. சசூர் 1913இல் இறந்த பிறகு, மாணவர்களின் நோட்ஸைத் தொகுத்து 1916இல் வெளியிட்டதுதான் நவீன மொழியியலின் அடிப்படை நூல். ஃபைன்மன் 1961 முதல் 1963 வரை நடத்திய இயற்பியல் வகுப்புகளைப் பதிவு செய்து, சக ஆசிரியர்கள் திருத்திப் புத்தகம் ஆக்கினார்கள்.

ஈடும் அப்படியே பல்கலைக்கழகத்துக்குள் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் பு. ரா. புருஷோத்தம நாயுடு மணிப்பிரவாளத்தை நல்ல தமிழாக்க, சென்னைப் பல்கலைக்கழகம் 10 தொகுதிகளாக வெளியிட்டது. வடக்குத் தெருக்காரர் ராத்திரியில் "எனக்காக" எழுதியது, இன்று யார் வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம்.

22/
இனி என் கதைக்கு வருகிறேன்.

அந்த டெஸ்ட் டியூப் வரியை நான் ஏன் வகுப்பில் சொன்னதில்லை தெரியுமா? தெரியாமல் இல்லை. பல வருஷம் முன்னாடி, ஒரு இரவு டூட்டியில், கழுவிக் காய வைத்த டியூபில் சோதனை செய்தேன். ரத்தம் உறையவில்லை. விஷமுறிவு மருந்து ஏற்றினேன். அந்த மனிதருக்குக் கடும் ஒவ்வாமை வந்து மூச்சுத் திணறியது. அட்ரினலின் போட்டு, விடிய விடியப் பக்கத்தில் நின்றேன். பிழைத்தார். காலையில் புது டியூபில் பார்த்தால் ரத்தம் அழகாக உறையுது. இரவு எடுத்த மற்ற ரத்தப் பரிசோதனைகளும் இயல்பு. விஷம் ஏறவே இல்லை.

வெட்கம். அதனால் அந்த வரியை மட்டும் தாண்டித் தாண்டிப் பாடம் எடுத்திருக்கிறேன். மாணவி அதைப் புத்தகத்தில் தேடிச் சேர்த்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது நோட்ஸ் எடுத்ததுக்கு இல்லை. நான் மறைத்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்ததற்கு.

23/
போன் செய்தேன். இப்போது ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறார். எடுத்ததுமே பயந்துட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க சார். எனக்கு மறந்து போயிடும்னுதான் எழுதினேன். ஜூனியர்ஸ் கேட்டாங்க, குடுத்துட்டேன்."

வடக்குத் தெருக்காரர் சொன்ன அதே பதில். எண்ணூறு வருஷம்!

"இல்லம்மா, நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். அதுல இன்னொரு பக்கம் சேர்க்கணும், நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

24/
இப்போது அந்த நோட்டு இப்படி வளருது.

அட்டையில் முதலில் மாணவியின் பெயர், அப்புறம் என் பெயர். ஒவ்வொரு தலைப்புக்கும் முன் நாலு வரி: இதை ஏன் படிக்கிறோம். அது எங்க அவதாரிகை. நான் வாய்க்கு வந்தபடி சொன்ன எண்களுக்கெல்லாம் எந்த நூல், எந்த வருஷம் என்று தேடிப் போடுவது இந்த பேட்ச் வேலை. அது பிரமாணத் திரட்டு. கடைசியில் ஒரு பக்கச் சுருக்கம். கஷ்டமான சொற்களுக்கு விளக்கம் எழுதுவது, முதல் தேர்வில் தோற்று இரண்டாம் முறை பாஸ் செய்த பையன். பன்னீராயிரப்படி அவனுடையது.

பாம்புக்கடி அத்தியாயத்தின் ஐதிஹ்யம் நான் எழுதினது. அந்த இரவு. டியூப், அட்ரினலின், என் வெட்கம் எல்லாம் சேர்த்து.

முதல் பக்கத்தில் ஒரே ஒரு கட்டளை உண்டு: இதை நோயாளியின் பக்கத்தில் நின்று படிக்கவும். நம்பிள்ளையின் பயத்துக்கு நான் தரும் மரியாதை.

25/
கல்லூரியில் பாடம் எடுக்கும் நண்பர்களே, இன்ஜினியரிங்கோ இலக்கியமோ நர்சிங்கோ எதுவானாலும் சரி, ஒரே ஒரு வேலை. இந்த வாரம் உங்கள் மாணவர் ஒருவரின் நோட்டை வாங்கிப் படிங்க. திருத்த இல்லை. நீங்கள் சொன்னது என்னவாகப் போய்ச் சேர்ந்திருக்கு என்று பார்க்க. நீங்கள் சொல்லாத ஒரு நல்ல வரி அதில் இருந்தால், யார் எழுதினது என்று கேட்டு, அந்தப் பெயரோடு அடுத்த வகுப்பில் சொல்லுங்க.

மாணவர்களே, உங்கள் நோட்டை எடைக்குப் போடாதீங்க. ஜூனியருக்குக் கொடுங்க.

பின்குறிப்பு: பாம்பு கடித்தால் இந்தச் சோதனை எதையும் வீட்டில் செய்யாதீர்கள். கட்டு, கீறல், உறிஞ்சல், மந்திரம் எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை.

உங்கள் திருச்சி மருத்துவர்.